முழுநிலவு ஏன் வெள்ளைத் தட்டாகவே பதிவாகிறது?

கீழ்வானம் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி (ஆடிகளால் ஒளியைக் குவிப்பது) ஒன்றை, கையால் திருப்பும் எளிய டாப்சன் தாங்கியில் வைத்து ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். தாங்கியில் மோட்டார் கிடையாது. நிலவு நகர நகரக் கையால்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கண்ணால் பார்ப்பதில் எனக்குக் குறையேதும் இல்லை. 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகு வில்லை) வழியே முழுநிலவைப் பார்க்கும்போது டைகோ என்ற கிண்ணக்குழியிலிருந்து நாலாபுறமும் பாயும் வெண்கதிர்களும், 'கடல்கள்' எனப்படும் இருண்ட சமவெளிகளுக்கிடையே உள்ள சாம்பல்நிற வேறுபாடுகளும் நன்றாகவே தெரிகின்றன. அவற்றைப் படமாக்க முயலும்போதுதான் தோற்றுப்போகிறேன்.

முதலில் கைபேசியை ஐபீஸின்மேல் கையால் பிடித்து எடுத்தேன். கரிய வானத்தில் ஒரு வெள்ளைத் தட்டு மட்டுமே கிடைத்தது. அதற்குள் ஒரு புள்ளிகூட இல்லை. பிறகு டிஎஸ்எல்ஆர் கேமராவை டி-வளையம் என்ற இணைப்பியின் மூலம், ஐபீஸை ஏந்தி முன்பின் நகர்த்தும் ஃபோகசரில் நேரடியாகப் பொருத்தினேன். ஃபோகசரை உள்ளே முட்டும்வரை திருகியும் நிலவு தெளிவடையவில்லை. இன்னும் சற்று உள்ளே போனால் தெளிந்துவிடும் என்று தோன்றும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. இரவல் வாங்கிய, உருவத்தை 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லையை இடையில் வைத்ததும் குவியம் கிடைத்துவிட்டது, ஆனால் நிலவு முழுதாகச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. அடங்கிய பகுதியும் சுண்ணாம்பு பூசிய சுவரைப்போலத் தட்டையாக இருந்தது.

நிலவொளியைக் குறைக்கும் வடிகட்டி இல்லாததுதான் குறையா, கேமரா அமைப்புகளில் தவறா, அல்லது என் தொலைநோக்கியே படமெடுப்பதற்கு ஏற்றதன்றா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


ஆடித்தச்சர் எழுதியது:

உங்கள் தொலைநோக்கியில் குறையில்லை. நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று ஒளியளவு, மற்றொன்று குவியம் கிடைக்கும் இடம்.

ஒளியளவில் எல்லோரும் வழுக்கி விழுவதற்குக் காரணம், நிலவை இரவுப்பொருள் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான். நமக்குத்தான் அது இரவு. நாம் படமெடுக்கும் அந்தப் பாறைப்பரப்பில் அப்போது நண்பகல் வெயில் காய்கிறது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை மட்டுமே திருப்பியனுப்பும் நிலவின் தரை, உண்மையில் பழைய தார்ச்சாலையின் நிறத்தை ஒத்தது. கறுத்த வானத்துக்கு நடுவே இருப்பதால் நமக்கு வெள்ளையாகத் தோன்றுகிறது. கேமராவின் தானியங்கி அளவீடும் இதே ஏமாற்றத்துக்கு உள்ளாகிறது. சட்டத்தின் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதைக் கண்டு, காட்சி இருட்டாக உள்ளது என்று முடிவு செய்து, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. அதன் விளைவுதான் உங்கள் வெள்ளைத் தட்டு.

படக்கலைஞர்கள் நெடுநாளாகக் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. எஃப் 11 துளையளவில், ஷட்டர் நேரம் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) எண்ணின் தலைகீழாக இருந்தால் முழுநிலவு சரியாகப் பதியும். அதாவது ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. உங்கள் தொலைநோக்கியில் 1200-ஐ 150-ஆல் வகுத்தால் எஃப் 8 வருகிறது. ஆகவே அதே ஐஎஸ்ஓவில் 1/200 நொடியிலிருந்து தொடங்கலாம். பார்லோவை வைத்தால் அது எஃப் 16 ஆகிவிடும், ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். அப்போது ஐஎஸ்ஓ 100-க்கு 1/50 நொடி, ஐஎஸ்ஓ 400-க்கு 1/200 நொடி. மோட்டார் இல்லாத தாங்கியில் பின்னதையே நான் தேர்ந்தெடுப்பேன். இவையெல்லாம் தொடக்கப்புள்ளிகளே. நிலவு அடிவானத்தருகே இருந்தாலும் மெல்லிய மேகம் படர்ந்திருந்தாலும் எண்கள் மாறும். எடுத்த படத்தின் ஒளியளவுப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். வலதுகோடியில் எதுவும் முட்டி நிற்கக் கூடாது. அரிஸ்டார்க்கஸ் கிண்ணக்குழியும் டைகோவின் சுற்றுப்புறமும்தான் முதலில் வெளுத்துப்போகும் இடங்கள் என்பதால், படத்தைப் பெரிதாக்கி அவ்விரண்டை மட்டும் சோதித்தால் போதும். திரையில் சற்று மங்கலாகத் தோன்றும் படம் பிழையன்று; கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் இருண்ட பகுதியைப் பின்னர் எழுப்பிக்கொள்ளலாம், வெளுத்துப்போன பகுதியை யாராலும் மீட்க முடியாது. வெண்சமநிலையைப் பகல்வெளிச்சம் என்றே வையுங்கள், நிலவொளி சூரியவொளிதானே.

கைபேசியில் நிலவின் உருவத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்தால் ஒளி குறைந்து, கடல்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். கையால் பிடிப்பதைக் கைவிட்டு ஐபீஸில் மாட்டும் பிடிப்பான் ஒன்றைப் பயன்படுத்துங்கள். உங்கள் 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு உருப்பெருக்கம் தருகிறது, பார்வைப்புலமும் ஏறத்தாழ ஒரு பாகை கிடைக்கும். அரைப்பாகை அகலமுள்ள நிலவு அதில் தாராளமாக அடங்கும். பெரிதாக வேண்டும் என்று 10 மி.மீ. ஐபீஸுக்குத் தாவாதீர்கள். அதில் முழுநிலவு அடங்காது.

இனி குவியத்துக்கு வருகிறேன். டிஎஸ்எல்ஆரில் படத்தைப் பதியும் சென்சார், கேமராவின் முகப்பிலிருந்து உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது. டி-வளையத்தின் தடிப்பையும் சேர்த்தால் இந்தத் தொலைவு 55 மி.மீ. ஆகிறது. கண்ணால் பார்ப்பதற்கென்று வடிவமைக்கப்பட்ட நியூட்டன் வகைகளில் குவியப்புள்ளி ஃபோகசரின் வாயிலிருந்து அவ்வளவு வெளியே வந்து விழுவதில்லை. நீங்கள் உணர்ந்த அந்த 'இன்னும் சற்று' என்பது இந்தப் பற்றாக்குறைதான். ஃபோகசரில் கழற்றக்கூடிய நீட்டுக்குழாய் ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைக் கவனியாமல் தொலைநோக்கியையே அறுக்கத் துணிந்தவர்களை நான் அறிவேன். இல்லையென்றால் அடியில் உள்ள முதன்மை ஆடியைக் குழாய்க்குள் மேலே ஏற்ற வேண்டும். ஆடித்தாங்கியின் திருகுகளுக்குப் பதிலாக நீளமான திருகுகளை இட்டு 30 மி.மீ. ஏற்றினால் குவியப்புள்ளியும் அதே அளவு வெளியே வரும். எஃப் 8 ஒளிக்கூம்பு மெலிந்தது என்பதால், ஒளியை ஃபோகசருக்குத் திருப்பும் இரண்டாம் ஆடியில் விழும் ஒளிவட்டம் 4 மி.மீ.க்கும் குறைவாகவே விரியும். இரண்டாம் ஆடி மிகச் சிறியதாக இல்லாவிட்டால் இழப்பு பெரிதாகத் தெரியாது. எஃப் 5 தொலைநோக்கியில் இதே வேலையைச் செய்தால் விரிவு 6 மி.மீ. ஆகும், அங்கே கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மாற்றிய பிறகு கண்ணால் பார்க்க ஐபீஸுக்கு ஒரு நீட்டுக்குழாய் தேவைப்படும் என்பதையும், ஆடிகளை மறுபடி நேர்ப்படுத்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உள்ளாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சென்சார் முகப்புக்கு 20 மி.மீ. அளவிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை தீரும் என்பார்கள். பாதி உண்மை. அவற்றுக்கு விற்கப்படும் டி-வளையங்களில் பல, பழைய 55 மி.மீ. தொலைவைக் காப்பாற்றுவதற்காகவே நீளமாகச் செய்யப்படுகின்றன. அப்படிப்பட்டதை வாங்கினால் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். தடிப்புக் குறைந்த இணைப்பியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நிலவு சட்டத்தில் அடங்குமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் விட்டம் கிடைக்கும். உங்களுக்கு ஏறத்தாழ 11 மி.மீ.; ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சாரின் குறும்பக்கம் 15 மி.மீ. அளவில் இருப்பதால் அழகாக அடங்கும். பார்லோவோடு 22 மி.மீ. ஆகிவிடும். சொல்லப்போனால் அதைவிடவும் பெரிதாகும். பார்லோவிலிருந்து சென்சார் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்குப் பெருக்கம் கூடும் என்பதால், 2 மடங்கு என்று எழுதியிருந்தாலும் டிஎஸ்எல்ஆரில் அது மிகுந்தே வரும். பார்லோதான் வழி என்றால் நிலவைத் துண்டுதுண்டாக எடுத்து இணைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் அடுத்ததன்மேல் தாராளமாகப் படிந்திருக்க வேண்டும், எல்லாத் துண்டுகளுக்கும் ஒளியளவு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

வடிகட்டி கண்ணின் வசதிக்கானது. கேமராவுக்கு அது தேவையில்லை. ஷட்டரைச் சுருக்கினால் அதே பயன் கிடைக்கும், இடையில் ஒரு கண்ணாடியும் குறையும்.


மூடுபனி எழுதியது:

ஆடித்தச்சர் சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆயினும் என் அறிவுரை வேறு: முழுநிலவை விட்டுவிடுங்கள். சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும் நாளில் நிலவில் நிழலே இருக்காது. நிழல் இல்லாத இடத்தில் மலையும் பள்ளமும் எப்படித் தெரியும்? உங்கள் படம் சுண்ணாம்புச் சுவராக வருவதற்கு ஒளியளவு மட்டும் காரணமன்று. வளர்பிறையின் எட்டாம் நாள் வாக்கில் அதே தொலைநோக்கியைத் திருப்பிப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே அப்பெனைன் மலைத்தொடரும் கிளேவியஸ், பிளேட்டோ கிண்ணக்குழிகளும் செதுக்கி வைத்தாற்போல் நிற்கும். முழுநிலவு கற்றுக்கொள்வதற்கு ஏற்ற பாடமன்று.


கதிர்க்கோலம் எழுதியது:

மூடுபனி அவர்களின் கருத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒருமுறையும் முழுமையாக ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. நிழல் இல்லை என்பது உண்மை. ஆனால் நிழலைத் தேடிக்கொண்டு முழுநிலவுக்கு வருவது, கோலத்தில் மேடுபள்ளம் தேடுவதைப் போன்றது. முழுநிலவின் படம் தரையின் உயரத்தைக் காட்டுவதில்லை; தரை எதனால் ஆனது, எப்போது கலைக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அந்தத் தகவல் எட்டாம் நாளில் நிழலுக்கு அடியில் மறைந்து கிடக்கும்.

டைகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 85 கி.மீ. விட்டமுள்ள இந்தக் கிண்ணக்குழியை அரைநிலவில் பார்த்தால், தென்பகுதியில் நெருங்கிக் கிடக்கும் நூற்றுக்கணக்கானவற்றில் அதுவும் ஒன்று, அவ்வளவே. முழுநிலவிலோ 1500 கி.மீ.க்கும் அப்பால்வரை நீளும் கதிர்களோடு நிலவின் முகத்தையே அது ஆள்கிறது. அது தோன்றி ஏறத்தாழ 10.8 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்று கணிக்கப்பட்டிருக்கிறது. மோதலில் தெறித்த பொடி இன்னும் விண்வெளியின் தாக்குதலால் கறுக்கவில்லை. 93 கி.மீ. விட்டமுள்ள கோப்பர்நிக்கஸ் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுப் பழமையானது, அதன் கதிர்கள் மங்கலாகவும் சிக்கலாகவும் கிடக்கும். நெருக்கடிக் கடலின் மேற்குக் கரையில் உள்ள சிறிய புரோக்ளஸை மட்டும் தவறவிடாதீர்கள். அதன் கதிர்கள் ஒரு பக்கம் அறவே இல்லாமல் விசிறிபோல் விரிந்திருக்கும். மோதிய பொருள் மிகச் சாய்வாக வந்து விழுந்ததன் அடையாளம் அது. இதை எட்டாம் நாள் நிலவில் எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்.

நிறமும் அப்படியே. நன்றாக ஒளியளவு அமைந்த ரா கோப்பில் நிறச்செறிவைச் சிறிது சிறிதாக, ஒரேயடியாக அல்லாமல் நாலைந்து படிகளில், உயர்த்திப் பாருங்கள். அமைதிக்கடல் நீலச்சாம்பலாகவும் அதை ஒட்டிய தெளிவுக்கடலின் நடுப்பகுதி பழுப்பாகவும் பிரிந்து தெரியும். அமைதிக்கடலின் எரிமலைப் பாறையில் டைட்டானியம் மிகுதி என்பதே நீலத்துக்குக் காரணம். அப்பல்லோ 11 அங்கிருந்து கொண்டுவந்த கற்களே இதற்குச் சான்று. நிறத்தை இப்படி மிகைப்படுத்துவது பொய்யாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லாத நிறத்தைப் பூசினால் பொய். இருக்கும் வேறுபாட்டைக் கண்ணுக்கு எட்டும்படி தூக்கிக் காட்டுவதை நான் அப்படிக் கருதவில்லை. ஆனால் படத்தோடு அதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. நிழலே இல்லை என்பதும் முழுவுண்மையன்று. நிலவின் பாதை பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. சூரியன், பூமி, நிலவு மூன்றும் அச்சடித்ததுபோல் ஒரே கோட்டில் வந்தால் கிரகணம் ஆகிவிடும். ஆகவே கிரகணமில்லாத ஒவ்வொரு முழுநிலவிலும் ஒளி ஏதோ ஒரு பக்கம் சற்றே விலகித்தான் விழுகிறது, வட முனையிலோ தென் முனையிலோ விளிம்பையொட்டி ஒரு மெல்லிய கீற்றில் மேடுபள்ளங்கள் எழுந்து நிற்கின்றன. முழுநிலவு நேரத்தில் எடுத்த ஒரு படத்தில் தென் விளிம்பு மட்டும் பல்பல்லாகத் தெரிந்ததைக் கண்டு, குவியம் ஒரு பக்கம் பிசகிவிட்டது என்று நினைத்து ஆடிகளை எல்லாம் வீணாகக் கழற்றி மாட்டியவன் நான்.

சூரியன் நேர்பின்னால் இருப்பதற்கும் ஒளியளவுக்கும் தொடர்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரைநிலவின் மொத்த ஒளி முழுநிலவின் ஒளியில் பாதி இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நேர் ஒளியில் ஒவ்வொரு மணலும் தன் நிழலைத் தன் பின்னாலேயே மறைத்துக்கொள்வதால் தரை முழுவதும் திடீரென்று பொலிவு கூடுகிறது. எனவே முழுநிலவில் சரியாக வந்த 1/200 நொடியை அப்படியே எட்டாம் நாளுக்கு எடுத்துச் சென்றால் படம் இருண்டுபோகும், குறைந்தது நான்கு மடங்கு கூடுதல் நேரம் வேண்டும். மூடுபனி அவர்கள் பரிந்துரைத்த நிலவுக்கு நீங்கள் போகும்போது இது உதவும்.

1840-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் வெள்ளித் தகட்டில் நிலவைப் பதிக்க ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஒளிகாட்ட வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் நகரும் நிலவைத் தொடர வேண்டும். நாம் 1/200 நொடிக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.


கீழ்வானம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மேகம் விலகிய இரவொன்றில் கைபேசியைப் பிடிப்பானில் மாட்டி, ஒளியளவைப் பூட்டிக் குறைத்ததும் கதிர்கள் வந்துவிட்டன. என் வீட்டில் உள்ளவர்கள் அது நான் எடுத்ததுதானா என்று கேட்டார்கள். டிஎஸ்எல்ஆரையும் விடவில்லை. ஃபோகசரில் ஆடித்தச்சர் குறிப்பிட்ட நீட்டுக்குழாய் உண்மையாகவே இருந்தது. கழற்றியதும் பார்லோ இல்லாமலே குவியம் கிடைத்தது. ஆடியை ஏற்றும் வேலை மிச்சம்.

ஆனால் புதிய தொல்லை ஒன்று. 1/250 நொடியில், ஐஎஸ்ஓ 100-இல், அடுத்தடுத்து இருபது படங்கள் எடுத்தேன். இரண்டு ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் கோப்பர்நிக்கஸ் கூர்மையாக இருக்கிறது, அடுத்ததில் கரைந்திருக்கிறது, அதற்கடுத்ததில் நிலவின் விளிம்பே நெளிகிறது. குவியத்தை நான் தொடவே இல்லை. நிலவு உதித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.


நிதானம் எழுதியது:

கடைசி வாக்கியத்தில் விடை இருக்கிறது. உதித்து ஒரு மணி நேரமே ஆன நிலவை நீங்கள் மிகத் தடித்த காற்றுப்படலத்தின் ஊடாகப் பார்த்திருக்கிறீர்கள். வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள காற்றுக்கற்றைகள் ஒவ்வொன்றும் சிறு வில்லையாகச் செயல்பட்டு உருவத்தை இழுத்தடிக்கும். முழுநிலவு சூரியன் மறையும் வேளையில் எழுந்து நள்ளிரவில் உச்சிக்கு வரும். அந்த வேளைவரை காத்திருங்கள். ஆண்டில் சூரியன் நண்பகலில் தாழச் செல்லும் மாதங்களில் முழுநிலவு நள்ளிரவில் உயரச் செல்லும் என்பதால், அந்த மாதங்கள் இன்னும் நல்லவை. தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்து ஆடி குளிர விடுங்கள். வெயில் குடித்த கூரைக்கும் சுவருக்கும் மேலே நிலவு நிற்கும்போது எடுக்காதீர்கள். இரவெல்லாம் அவை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும்.

150 மி.மீ. ஆடியின் பிரிதிறன் ஏறத்தாழ 0.8 வில்நொடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி), நிலவின் தொலைவில் ஒரு வில்நொடி என்பது 1.9 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கணக்குப்படி ஒன்றரைக் கிலோமீட்டர் அளவிலான விவரங்களை உங்கள் ஆடி பிரித்துக்காட்ட வேண்டும். காற்றோ சாதாரண இரவில் உருவத்தை 2, 3 வில்நொடிவரை கலைத்துவிடுகிறது. ஆகவே தடை உங்கள் கருவியில் இல்லை, தலைக்கு மேல் இருக்கிறது. அந்தத் தடையிலும் இடைவெளிகள் உண்டு. நீங்கள் எடுத்த இருபதில் ஒன்று கூர்மையாக வந்ததே, அது காற்று ஒரு கணம் அடங்கிய நேரம்.

அந்தக் கணங்களை மட்டும் பொறுக்கி எடுப்பதுதான் இன்று எல்லோரும் பின்பற்றும் முறை. படத்துக்குப் பதிலாகக் காணொளி எடுங்கள், அல்லது நூறு இருநூறு ரா படங்களை விடாமல் எடுங்கள். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு சட்டத்தின் கூர்மையையும் மதிப்பிட்டு வரிசைப்படுத்தும்; மேலிருந்து பத்து விழுக்காடு முதல் இருபது விழுக்காடுவரை எடுத்துக்கொண்டு, நெளிந்த பகுதிகளைச் சிறுசிறு கட்டங்களாகச் சீர்ப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அடுக்கப்பட்ட படம் முதலில் மங்கலாகத்தான் தோன்றும், மனம் தளர வேண்டாம். அதில் இரைச்சல் மிகக் குறைவு என்பதால், ரெஜிஸ்டாக்ஸ் போன்ற மென்பொருளின் அலைவடிவக் கூர்மையாக்கத்தைத் தாங்கும், தனிப்படம் தாங்காது. கதிர்க்கோலம் சொன்ன நிறச்செறிவு வேலையும் அடுக்கிய படத்தில்தான் எடுபடும். தனிப்படத்தில் செய்தால் நிறப்புள்ளிகள் பொரிந்து நிற்கும். கூர்மையை எங்கே நிறுத்துவது என்பதற்கு நிலவின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பையொட்டி ஒரு வெள்ளைக்கோடு முளைக்கத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

மோட்டார் இல்லாதது இதற்குத் தடையன்று. வான்சுழற்சியால் நிலவு ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14.5 வில்நொடி நகர்கிறது. 1/250 நொடியில் அது 0.06 வில்நொடி, ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சட்டத்தின் ஒரு பக்க ஓரத்தில் நிலவை நிறுத்திக் கையை எடுத்துவிடுங்கள், அதிர்வு அடங்கட்டும், அது தானாக மறுபக்கம் மிதந்து செல்லும்வரை பதிவு செய்யுங்கள். தன் விட்டத்தளவு நகர அதற்கு இரண்டு நிமிடத்துக்குமேல் ஆகும். நகர்வை மென்பொருள் சரிசெய்துகொள்ளும். ஷட்டரை விரலால் அழுத்தாதீர்கள். 10 நொடித் தாமதமோ தொலைவிசையோ பயன்படுத்துங்கள். டிஎஸ்எல்ஆரில் உள்ளாடி எழும்பும் அதிர்வே ஒரு படத்தைக் கெடுக்கும், ஆகவே ஆடியை முன்கூட்டியே உயர்த்தும் அமைப்பை இயக்குங்கள், அல்லது திரைநேர்க் காட்சியிலிருந்து (லைவ் வியூ) எடுங்கள்.


மூடுபனி எழுதியது:

கைபேசிப் படத்தில் ஒரு எச்சரிக்கை. சில கைபேசிகள் சட்டத்தில் இருப்பது நிலவு என்று அறிந்துகொண்டு, தாமாகவே விவரங்களைக் கூட்டி மெருகேற்றுகின்றன. காட்சி மேம்பாடு என்ற பெயரில் அமைப்புகளில் இருப்பதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாராட்டு உங்கள் தொலைநோக்கிக்கு உரியதா, கைபேசியின் நினைவகத்துக்கு உரியதா என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். பல வில்லைகள் உள்ள கைபேசியில் முதன்மை வில்லைதான் ஐபீஸின் நேரே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அருகில் ஏதோ இருப்பதாக நினைத்து அது அகலக்கோண வில்லைக்கு மாறிவிடுவது உண்டு.

கதிர்க்கோலம் அவர்களுக்கு: புரோக்ளஸ் விசயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் இல்லை.


கீழ்வானம் எழுதியது:

நள்ளிரவுவரை காத்திருந்து எடுத்தேன். 300 சட்டங்களில் 40-ஐ அடுக்கிய படத்தில் புரோக்ளஸின் விசிறியும் வட விளிம்பின் பல்வரிசையும் தெரிகின்றன. கைபேசியில் மெருகேற்றும் அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். படம் கொஞ்சம் மென்மையாகிவிட்டது, ஆனால் கதிர்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

ஒன்று மட்டும் புரியவில்லை. என் படத்தில் டைகோ மேலே இருக்கிறது; தலைகீழாகத் திருப்பினால் நிலவின் வரைபடத்தோடு பொருந்திவிடுகிறது. அதே இரவில் நண்பர் ஒருவர் தம்முடைய வில்லைத் தொலைநோக்கியில் கைபேசி வைத்து எடுத்த படத்தை எந்தப் பக்கம் சுழற்றினாலும் பொருந்தவில்லை. நெருக்கடிக் கடல் எப்போதும் தவறான பக்கத்திலேயே வந்து நிற்கிறது.


ஆடித்தச்சர் எழுதியது:

உங்கள் தொலைநோக்கியில் ஒளி இரண்டு ஆடிகளில் பட்டு வருகிறது. ஒன்று இடவலம் மாற்றியதை மற்றொன்று நேராக்கிவிடுவதால் உருவம் சுழன்று மட்டுமே இருக்கும். நண்பர் கழுத்து நோகாமல் பார்ப்பதற்கு ஐபீஸுக்கு முன்னால் ஒரு சாய்வாடி பொருத்தியிருப்பார். அங்கே பிரதிபலிப்பு ஒன்றே ஒன்று என்பதால், கண்ணாடியில் பார்த்த முகம்போல் இடவலம் மாறிவிடும். படத்தைச் சுழற்றுவதற்கு முன் ஒருமுறை கிடைமட்டமாகப் புரட்டச் சொல்லுங்கள். அல்லது சாய்வாடியைக் கழற்றிவிட்டு நேராக எடுக்கட்டும். குவியம் எட்டாவிட்டால் அவருக்கு வேண்டியது நீட்டுக்குழாய், உங்களுக்கு நேர்ந்ததற்கு நேர்மாறு.